ஜே. ஆர். டி. டாட்டாவும் விமானத்தின் மேனி வண்ணமும்

தோற்றுவாய்

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து பாயும் தஞ்சை வளநாட்டில் வயலின் நிறமே காலத்தைக் காட்டும் கருவியாகும். நாற்றங்கால் இளம்பச்சையாக விளங்கினால் நடவுக்காலம் நெருங்கியது என்பர். வயல் கரும்பச்சையாயின் பயிர் தழைத்தது என்பர். கதிர் பொன்னிறம் பூண்டால் அரிவாளைத் தீட்டத் தொடங்குவர். நிறம் மாறுமாயின் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர்.

அவ்வயல்களின் வரப்பில் நின்று வானத்தை நோக்குவார்க்கு இருவகை விமானங்கள் தென்படும். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு வந்து செல்லும் பயண விமானங்களுள் பெரும்பாலானவை வெண்ணிற உடல் கொண்டவை. தஞ்சை நகரை அடுத்துள்ள விமானப்படைத் தளத்தினின்று எழும் சுகோய்-30 போர் விமானங்களோ சாம்பல் நிறத்தவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓடுதளம் அமைந்த அவ்விடம், 2013ஆம் ஆண்டில் இந்திய விமானப்படையின் முழுநிலைத் தளமாயிற்று. 2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சுகோய் அணி ஒன்று அங்கு நிலைகொண்டது.

ஒன்று வெண்மையாகவும் மற்றொன்று சாம்பலாகவும் இருப்பது ஏன்? வயலின் நிறத்தைப் போலவே விமானத்தின் நிறமும் காரணமின்றி அமைவதில்லை. துணியால் ஆகிய சிறகுகள் உலோகமாக மாறியதும், அவற்றின் மேனி வண்ணம் காலந்தோறும் வேறுபட்டதும் ஏறத்தாழ ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தன. அம்மனிதர் இந்திய விமானப் போக்குவரத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜே. ஆர். டி. டாட்டா ஆவார்.

இளமையும் வேட்கையும்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் பார்சி மரபினராகிய ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. அன்னையார் பிரெஞ்சு நாட்டினராகிய சூசன். ஜம்ஷெட்பூர் எஃகு ஆலைக்கு வித்திட்ட ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்கு ரத்தன்ஜி நெருங்கிய உறவினர்.

கோடை விடுமுறையில் அக்குடும்பம் பிரான்சின் வடகடற்கரையில் உள்ள ஆர்டெலோ என்னும் ஊரில் தங்குவது வழக்கம். 1909ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோவின் இல்லமும் அவ்வூரிலேயே இருந்தது. கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்குவதைச் சிறுவர் ஜஹாங்கீர் கண்கொட்டாமல் நோக்கி நிற்பார். அவ்விமானங்களின் எலும்புக்கூடு மரத்தால் ஆகியது. தோல், துணியால் ஆகியது. சாயம் ஏற்றப்படாத அத்துணியின் இளமஞ்சள் சாயலே அந்நாளைய விமானத்தின் நிறமாகும். பதினைந்தாம் வயதில் அதே கடற்கரையில் ஒரு சிறு விமானத்தில் ஏறிச் சிறிது தொலைவு பறந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. தாமும் விமானி ஆதல் வேண்டும் என்னும் உறுதி அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

1925ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு வந்து, ஊதியம் இன்றித் தொழில் பயிலும் இளைஞராக டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே தந்தையார் மறைந்தார். குடும்பச் சுமை இருபத்திரண்டு வயது இளைஞரின் தோளில் வந்து அமர்ந்தது. எனினும் பறக்கும் வேட்கை தணியவில்லை. பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகம் தொடங்கியதும் அதில் சேர்ந்தார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் விமானிக்குரிய உரிமச் சான்று பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட அச்சான்றின் எண் 1 ஆகும். அதே ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையையும் துறந்து, இந்திய மண்ணையே தம் நாடாகக் கொண்டார்.

துணிச் சிறகும் வெள்ளிப் பூச்சும்

டாட்டா பயின்ற காலத்து விமானங்களின் சிறகுகள் இன்னும் துணியாலேயே போர்த்தப்பட்டிருந்தன. நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்த்து விறைப்பேற்றுவதைக் கும்பகோணம் வட்டாரத்து மாணவர்கள் கண்டிருப்பர். அதுபோலவே விமானத்தின் துணிக்கும் ‘டோப்’ என்னும் செல்லுலோஸ் பசையைப் பூசுவர். அது உலரும்போது துணி சுருங்கி, மத்தளத் தோல் போல இறுகி நிற்கும். மழைநீரும் காற்றும் உட்புகா.

ஆயினும் அப்பசை தெளிந்த நிறத்தது. கதிரவன் ஒளியை அது தடுக்கவில்லை. ஒளியில் அடங்கிய புற ஊதாக் கதிர்கள் துணியின் இழைகளை நாளடைவில் நைந்து போகச் செய்தன. கொடியில் பல நாள் வெயிலில் கிடந்த வேட்டி, கையால் இழுத்த அளவில் கிழிவதைப் போன்ற நிலை அது. வேட்டி கிழிந்தால் வேறு வேட்டி உடுத்தலாம். ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் சிறகின் துணி கிழிந்தால் விமானியின் உயிர்க்கே இறுதியாகும்.

இத்தீங்கைத் தடுக்கும் பொருட்டே நிறம் விமானத்தின் மேல் ஏறியது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷார் இரும்புக் காவியும் விளக்குக் கரியும் கலந்து, பசுமை சார்ந்த பழுப்புப் பூச்சு ஒன்றைச் செய்தனர். ஒளியை உட்புகாமல் தடுத்துத் துணியைக் காப்பது அதன் முதற்பணி. தரையின் நிறத்தோடு ஒத்து விமானத்தை மறைத்தது அதனால் கிடைத்த மற்றொரு பயன். போர் முடிந்தபின் மறைந்து பறக்கும் தேவை நீங்கிற்று. அலுமினியத் தூளைப் பசையில் கலந்து பூசும் முறை பரவியது. அத்தூள், கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பித் துணியையும் காத்தது, வெப்பத்தையும் குறைத்தது. 1920களிலும் 1930களிலும் வானில் வெள்ளி நிறச் சிறகுகள் மிகுதியாகத் தோன்றியதன் காரணம் இதுவே. விமானம் பழகும் மாணவர்கள் ஏறிய பயிற்சி விமானங்களுக்கு மட்டும் பல நாடுகளில் மஞ்சள் பூசினர். தொலைவிலேயே கண்டு பிற விமானிகள் விலகிச் செல்வதற்கும், தவறி விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் அந்நிறம் துணை செய்தது.

போட்டியும் பெருந்தன்மையும்

1930ஆம் ஆண்டில் ஆகாகான், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக அறிவித்தார். டாட்டா கராச்சியினின்று மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினீர் என்னும் இளைஞர் இங்கிலாந்தினின்று கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். எகிப்து நாட்டின் அபூகிர் விமானத் தளத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானத்தில் தீப்பொறிச் செருகிகள் பழுதுற்று, மாற்றுச் செருகிகள் இன்றி அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

அவரை அங்கேயே விட்டுச் செல்வது டாட்டாவுக்கு எளிது. பரிசும் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் அவர் தம்மிடம் இருந்த உதிரிச் செருகிகளை எடுத்து ஆஸ்பியிடம் தந்தார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி பரிசை வென்றார். அவ்வெற்றி குறித்து டாட்டா என்றும் வருந்தியதில்லை. அவ்விளைஞரே பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

வானில் சென்ற கடிதங்கள்

நெவில் வின்சென்ட் என்னும் விமானி, இந்தியாவுக்குள் தபால் விமானம் ஓட்டலாம் என்னும் திட்டத்தை டாட்டாவிடம் கொணர்ந்தார். நிறுவனத்தின் மூத்தோர் தயங்கினர். அரசும் பல ஆண்டுகள் இசையவில்லை. டாட்டா விடாது முயன்றார். 1932ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் விடியற்காலையில் கராச்சியினின்று பஸ்மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் 25 கிலோ எடையுள்ள தபால் மூட்டையுடன் அவர் தனியே புறப்பட்டார். அகமதாபாத்தில் அவ்விமானத்துக்கு உரிய பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பின்னர் அவர் பம்பாய் ஜூகூ மைதானத்தில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்கம் அதுவே.

1938ஆம் ஆண்டில் இத்தடம் சென்னையினின்று திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அதற்குமுன் காவிரிக் கரையினின்று இலங்கைக்குச் செல்லும் கடிதம் தனுஷ்கோடி வரை இரயிலிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், அதன்பின் மீண்டும் இரயிலிலும் செல்லவேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த உறவினரை நினைந்து ஏங்கிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல இருந்தன. கடிதத்தைச் சுமந்து கடல் கடக்கும் சிறகுகளைக் காவிரி நாட்டு மக்கள் தலைக்குமேல் கண்டது அக்காலத்திலேதான். அதே ஆண்டில் டாட்டா தம் முப்பத்து நான்காம் வயதில் டாட்டா குழுமத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

போர்க்காலத்து வண்ணம்

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. டாட்டாவின் விமானங்களும் போர்க்காலப் பணிகளில் ஈடுபட்டன. அவருடைய உற்ற தோழராகிய வின்சென்ட் 1942ஆம் ஆண்டில் வானிலேயே உயிர் நீத்தார். விமானத்தின் நிறம் மீண்டும் உயிரைக் காக்கும் கவசமாயிற்று.

காவிரி வாய்க்காலில் துள்ளும் கெண்டை மீனின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதை ஊன்றிக் காணலாம். கரையினின்று நோக்கும் கொக்குக்கு அதன் முதுகு நீரின் ஆழத்தோடு ஒன்றித் தோன்றும். நீரின் அடியினின்று நோக்கும் பெருமீனுக்கு அதன் வயிறு வானொளியோடு கலந்துவிடும். போர் விமானங்களுக்கு வண்ணம் தீட்டியோரும் இந்நெறியையே பின்பற்றினர். மேற்புறத்தில் மண்ணின் பழுப்பும் இலையின் கரும்பச்சையும் கலந்து தீட்டினர். அடிப்புறத்தில் வானின் வெளிர்நிறத்தைப் பூசினர். இரவில் பறந்தவற்றுக்குக் கரிய நிறம் பூசினர்.

மறைப்பதற்கு மட்டுமன்றி, நம்மவர் யாவர் என அறிவதற்கும் நிறம் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் விமானங்களின் சிறகில் நீலமும் வெண்மையும் சூழ்ந்த செவ்வட்டச் சின்னம் இருந்தது. ஜப்பானிய விமானங்களின் சின்னமோ செஞ்ஞாயிறு. பரபரப்பான போரில் சிவப்பைக் கண்ட அளவில் தம் தோழரையே பகைவரெனக் கருதிச் சுட்டுவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே 1943ஆம் ஆண்டில் இந்தியாவிலும் கிழக்காசியப் போர்முனையிலும் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் சின்னத்தினின்று சிவப்பு அகற்றப்பட்டது. நீலமும் வெளிர்நிறமும் மட்டும் எஞ்சின. ஒரு சிறு வட்டத்தின் நிறத்தை மாற்றியதால் காக்கப்பட்ட உயிர்கள் உண்டு.

உலோக மேனியும் வெண்கூரையும்

இதற்குள் விமானத்தின் தோல் துணியினின்று அலுமினியக் கலப்பு உலோகமாக மாறியிருந்தது. உலோகம் வெயிலில் நைந்து போவதில்லை. ஆகவே அதற்குத் துணியைப் போன்ற பாதுகாப்பு வேண்டியதில்லை. வண்ணப் பூச்சுக்கும் எடை உண்டு. பெரிய விமானத்தின் மேனி முழுவதும் பூசினால் அது நூறு கிலோக் கணக்கில் ஏறும். அவ்வளவு எடையை நாள்தோறும் சுமந்து பறக்க, நாள்தோறும் எரிபொருள் செலவாகும். பூச்சை நீக்கினால் வேகமும் சிறிது கூடும். பகைவிமானங்களின் அச்சம் குறைந்ததும் 1944ஆம் ஆண்டு முதல் அமெரிக்கர் தம் போர் விமானங்கள் பலவற்றை வண்ணம் பூசாமல் அனுப்பியதன் காரணம் இதுவாகும். போருக்குப் பின் பயணிகளை ஏற்றிய டகோட்டா விமானங்களும் வெள்ளியென மின்னும் உலோக மேனியுடனேயே இந்திய வானில் பறந்தன.

1946ஆம் ஆண்டில் டாட்டாவின் விமான நிறுவனம் ‘ஏர் இந்தியா’ எனப் பெயர் பூண்டது. விடுதலை பெற்ற நாட்டின் விமானம் கடல் கடந்து செல்லவேண்டும் என்பது டாட்டாவின் கனவு. 1948ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 8ஆம் நாள் ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் விமானம் பம்பாயினின்று கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்டது. டாட்டாவும் அதில் பயணம் செய்தார். குறித்த நேரத்தில் விமானம் சென்று சேருமோ என்று கைக்கடிகாரத்தை அடிக்கடி நோக்கியவண்ணம் இருந்தார். அது நேரம் தவறாமல் இலண்டனில் இறங்கியபோது, அதன்மேல் பொறிக்கப்பட்ட இந்தியக் கொடியைக் கண்டு அவர் உள்ளம் பூரித்தது.

இக்காலத்தில் பயண விமானங்களின் கூரைக்கு வெண்மை பூசும் வழக்கம் உலகெங்கும் பரவியது. தஞ்சைத் தரணியில் சித்திரை வெயிலைத் தாங்க மொட்டை மாடிக்கு வெண்சுண்ணாம்பு அடிப்பது உண்டன்றோ? அதே காரணம்தான் இங்கும். பளபளக்கும் உலோகம் ஒளியைத் திருப்பினும், தான் ஏற்ற வெப்பத்தை எளிதில் வெளிவிடாது. வெண்பூச்சு ஒளியையும் திருப்பும். ஏற்ற வெப்பத்தையும் விரைவில் வெளிவிடும். வெயிலில் ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் உட்புறம் அதனால் ஓரளவு குளிர்ந்திருக்கும். வெண்ணிற மேனியில் விரிசலும் எண்ணெய்க் கசிவும் விரைவில் கண்ணுக்குப் புலனாவதால், பழுதுபார்ப்போர்க்கும் அது துணை செய்கிறது.

சிறு குறையும் பொறாதவர்

1953ஆம் ஆண்டில் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆயின. தாம் பெற்று வளர்த்த குழந்தையைப் பிறர் கையில் ஒப்படைக்கும் துயரம் டாட்டாவுக்கு ஏற்பட்டது. அம்முடிவு அவருக்கு உடன்பாடன்று. எனினும், பன்னாட்டுப் பயணத்துக்குரிய ஏர் இந்தியாவின் தலைமையை ஏற்குமாறு அரசு வேண்டியபோது, தம் மனக்குறையை ஒதுக்கிவிட்டு அப்பொறுப்பை ஏற்றார். உடைமை போயிற்று, கடமை போகவில்லை என்பதே அவர் எண்ணம் போலும்.

பயணம் செய்யும்போதெல்லாம் அவர் கையில் குறிப்பேடு இருக்கும். திரைச்சீலையின் நிறம், இருக்கையின் சாய்வு, பணியாளரின் உடை ஆகியன எவையும் அவர் கண்ணுக்குத் தப்பா. ஒருமுறை விமானத்தில் வழங்கிய தேநீரும் காப்பியும் நிறத்தால் வேறுபாடு அறிய இயலாதவாறு இருந்ததையும் குறித்து நிருவாகிக்கு எழுதினார். கழிவறை தூய்மையாக இல்லையெனில் தாமே துடைக்கவும் அவர் தயங்கியதில்லை. இத்தகைய அக்கறையால் ஏர் இந்தியா உலகின் சிறந்த விமான நிறுவனங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டில் ஆசிய நிறுவனங்களுள் முதலாவதாக அது போயிங் 707 ஜெட் விமானத்தைப் பெற்றது.

ஜெட் விமானத்தின் வருகையால் வண்ணப் பூச்சுக்கும் புதிய சோதனைகள் வந்தன. ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் உறைநிலைக்குக் கீழே 50 பாகைக் குளிர். தரையில் இறங்கினால் கடும் வெயில். உட்புறக் காற்றழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் உலோகத் தோல் சற்றே விரிந்து சுருங்குகிறது. விமானத்தின் இயக்கத்துக்கு உதவும் நீர்ம எண்ணெயோ பழைய பூச்சுகளை அரித்துவிடும் தன்மையது. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் எபாக்சி, பாலியூரித்தேன் பூச்சுகளை வேதியியலார் உருவாக்கினர். அவற்றால் வண்ணங்கள் பல ஆண்டுகள் மங்காமல் நின்றன. விமானத்தின் மேனியே ஒரு நாட்டின் முகமாகத் திகழும் காலம் பிறந்தது.

வானில் ஓர் அரண்மனை

1971ஆம் ஆண்டில் ஏர் இந்தியாவுக்கு முதல் போயிங் 747 விமானம் வந்தது. ‘பேரரசர் அசோகர்’ என்பது அதன் பெயர். அவ்விமானத்தின் ஒவ்வொரு சாளரத்தைச் சுற்றியும் இராசஸ்தான் அரண்மனைகளின் பலகணி வளைவு சிவப்பு வண்ணத்தில் தீட்டப்பட்டது. வெளிநாட்டு விமான நிலையங்களில் நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு இடையே அது நிற்பினும், இந்திய விமானம் இதுவெனக் குழந்தையும் சுட்டிக்காட்டும். துணியைக் காக்கப் பிறந்த வண்ணம், நாட்டின் கலையை உலகுக்கு எடுத்துரைக்கும் தூதாக வளர்ந்துவிட்டது.

ஆனால் வண்ணத்தின் பொலிவு துயரத்தைத் தடுத்துவிடுவதில்லை. 1978ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் அதே ‘பேரரசர் அசோகர்’ பம்பாயை அடுத்த கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 213 பேரும் மாண்டனர். டாட்டாவின் நெஞ்சம் புண்பட்டது. அடுத்த திங்களில் அரசு அவரை ஏர் இந்தியாவின் தலைமையினின்று விலக்கியது. அச்செய்தியும் அவருக்கு நேராகத் தெரிவிக்கப்படவில்லை. அப்பதவிக்குப் புதிதாக அமர்த்தப்பட்டவர் வாயிலாகவே வந்து சேர்ந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் வளர்த்த நிறுவனத்தை விட்டு அவர் அமைதியாக வெளியேறினார்.

தளராத உள்ளம்

இழிவு நேர்ந்தபோது சினந்து ஒதுங்குவோர் உலகில் பலர். டாட்டா அவ்வாறு ஒதுங்கவில்லை. 1982ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள், முதல் தபால் விமானம் பறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. அன்று எழுபத்தெட்டு வயது முதியவராகிய அவர், லெபர்ட்மாத் என்னும் பழைய சிறு விமானத்தில் கராச்சியினின்று பம்பாய்க்குத் தனியே ஓட்டி வந்தார். துணிவும் மகிழ்ச்சியும் இளைஞர் உள்ளத்தில் மீண்டும் எழவேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் அவருடைய ஆதரவால் வளர்ந்தன. 1992ஆம் ஆண்டில் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் ஜெனீவா நகரில் அவர் காலமானார். அவர் உடல், பிறந்த ஊராகிய பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்த புதிய வண்ணக் கோலத்திலும் பழைய பலகணி வளைவின் சாயல் இடம்பெற்றது.

முடிவுரை

விமானத்தின் மேனி வண்ணம் இன்று ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துள்ளது. 2012ஆம் ஆண்டு முதல் ஏர் இந்தியாவில் பறக்கும் போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, கரிமநார் பதித்த பிசினால் ஆகியது. அது உலோகத்தைப் போல மின்னாது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதன் பிசினைச் சிதைக்கும். ஆகவே அதனை வண்ணம் பூசாமல் விடுதல் இயலாது. நூறாண்டுகளுக்கு முன் துணிச் சிறகை வெயிலினின்று காத்த அதே கடமையை வண்ணம் மீண்டும் ஏற்றுள்ளது.

தஞ்சை வானில் எழும் சாம்பல் நிற விமானம், கடலோர மூட்டத்தோடு கலந்து பகைவர் கண்ணுக்குத் தப்பும் பொருட்டு அந்நிறம் பூண்டது. திருச்சிராப்பள்ளியில் இறங்கும் வெண்ணிற விமானம், பயணியரை வெப்பத்தினின்று காக்கும் பொருட்டு அந்நிறம் பூண்டது. மேலோட்டமாக நோக்குவார்க்கு அழகாகத் தோன்றும் ஒன்றின் அடியில், யாரோ ஒருவரின் உயிரைப் பற்றிய அக்கறை உறைந்துள்ளது. தீப்பொறிச் செருகி முதல் தேநீரின் நிறம் வரையில் எதனையும் சிறிதென்று எண்ணாத டாட்டாவின் வாழ்வும் அத்தகையதே. அவர் ஓட்டிய சிறு விமானத்தின் பின்னே இன்று இந்திய வானம் முழுவதும் சிறகுகள் நிறைந்துள்ளன. வரப்பில் நின்று அவற்றை அண்ணாந்து நோக்கும் உழவர் வீட்டுப் பிள்ளையும், நிறத்தின் காரணத்தை ஆராய்ந்து அறியும் அளவில், அப்பெருமகனார் சென்ற வழியில் முதலடி எடுத்து வைத்தவராவார்.